அறுபத்து மூன்று கிலோ ஆளே இல்லாத ஊர்

போன புதன்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, வடக்கனந்தல் போகிற சாலையில் இருக்கும் லாரி எடை மேடையில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர்.

ஒன்று, நான். இரண்டு, எங்கள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் பிரேசில் நாட்டுக்காரர் தியாகோ. மூன்று, பக்கத்துக் கட்டடத்தில் ஜிம் நடத்தும் ஏழுமலை மாஸ்டர். நான்கு, எடை மேடையின் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் சாந்தி. ஐந்து, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு வந்து, எங்களால் மேடை ஏற முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்த டிராக்டர்காரர் கோவிந்தன்.

மேடைக்கு நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். வெறுங்கால். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்.

நான் சாகப்போகிறேனா, இல்லையா என்பது அந்தப் பாட்டிலில் இருந்தது.

சிரிக்காதீர்கள். வாரா வாரம் இந்தப் பக்கத்தில் என் பயங்களைப் படித்துவிட்டு, ‘சார், உங்களைப் படிச்சா எங்க கவலை கம்மி ஆகுது’ என்று எழுதுகிறீர்களே... இந்த வாரமும் உங்களுக்கு நல்ல காலம்தான்.

முதலில் தியாகோ. ஊருக்குள் அவர் ‘தியாகு சார்’. மரவள்ளிக் கிழங்குக்கு வரும் நோயை ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறார். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போவார்; மலைக்காரர்களின் காட்டில் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து போட்டோ எடுப்பார். இந்தியாவுக்கு வந்து ஒன்றரை வருடம். தமிழை பஸ்ஸிலும் டீக்கடையிலும் கற்றுக்கொண்டதால், புத்தகத் தமிழ் சுத்தமாக வராது. ‘வந்துக்கினே இருக்கேன் அண்ணா’ என்று போனில் அவர் சொன்னால், ஏதோ சங்கராபுரத்து ஆள் பேசுகிற மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுக்காரருக்கு வீட்டை விட்டால் போலீஸ் வருமா? பாஸ்போர்ட் தொலைந்தால் நம்மைப் பிடிப்பார்களா? அவருக்கு நம் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஏதாவது ஆகிவிட்டால்? நான் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் என் மனைவி சரோஜா அட்வான்ஸ் வாங்கி, மாடிச் சாவியையும் கொடுத்துவிட்டாள்.

மனிதர் தங்கமானவர். ஒரே குறை — ஜிம் இல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. மார்கழி மாதத்தில் ஒரு நாள், ‘அண்ணா, நீங்களும் வாங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு இல்ல?’ என்று என்னையும் இழுத்துக்கொண்டு ஏழுமலை மாஸ்டரிடம் போனார்.

மாஸ்டர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“சேத்துக்கலாம் சார். ஆனா இப்ப மார்கழி. தை பொறக்கட்டும்.”

தியாகோவுக்குப் புரியவில்லை. “கல்யாணம்தானே மார்கழில பண்ண மாட்டாங்க? தொப்பை கொறைக்கிறது கூடவா?”

“புதுசா ஆரம்பிக்கிறது எதுவா இருந்தாலும் தையிலதான் சார். தொப்பை எங்க போயிடப்போவுது? ஒரு மாசம் பத்திரமா இருக்கும்.”

இருந்தது. பத்திரமாக, கொஞ்சம் கூடவே இருந்தது. தை ஐந்தாம் தேதி, ராகு காலம் பார்த்து, எங்களைச் சேர்த்துக்கொண்டார். தியாகோ ஜிம்முக்கென்றே பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஷூவை மாட்டிக்கொண்டு வந்தார். “அத்த வெளிய வுட்டுட்டு வாங்க சார். உள்ள இரும்பு இருக்குது இல்ல” என்றார் மாஸ்டர். இரும்பு இருக்கும் இடத்துக்குத்தான் அந்த ஷூவே என்று தியாகோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. எல்லோரையும் போல வெறுங்காலோடு போய், எல்லோரையும் போலக் கம்பியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தூக்கினார். இரண்டாவது நாளே அவருக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் ‘வெறுங்காலில் இரும்பு விழுந்தால்?’ என்ற பயம் போகவில்லை.

ஜிம்மில் சேருகிற பாரம் எழுதும்போது நடந்ததையும் சொல்ல வேண்டும். பெயர், அப்பா பெயர், வயது என்று எழுதிக்கொண்டே வந்த மாஸ்டர், அதே குரலில், “கல்யாணம் ஆயிடுச்சா? சம்பளம் எவ்ளோ? சொந்த வூடா?” என்று கேட்டார். தியாகோ ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாகப் பதில் சொன்னார். கடைசியில் எட்டிப் பார்த்தவர், “இதெல்லாம் பாரத்துல இல்லியே?” என்றார்.

“பாரத்துல இல்ல சார். சும்மா கேட்டேன்.”

அன்று மதியத்துக்குள் தியாகோவின் சம்பளம் காய்கறி மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் அந்த எண்ணிக்கை. மாஸ்டரின் அப்பா களத்தில் நெல் அளந்தவர். மரக்காலால் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். மாஸ்டருக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. தண்டால் எடுத்தாலும் “லாபம்... ரெண்டு... மூணு...” என்றுதான் எண்ணுவார். தியாகோ ஒரு வாரம் அதைக் கேட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் போய், “லாபம் டீ, சக்கர கம்மி” என்றிருக்கிறார். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அந்த டீக்குக் காசு வாங்கவில்லையாம். கடை திறந்ததிலிருந்து யாரும் அவரை அப்படி வாழ்த்தியதில்லை!

கரியாலூரில் ஒரு மலைக்காரப் பெரியவர், இவர் காசு கட்டி இரும்பு தூக்குகிறார் என்று கேள்விப்பட்டு, “இன்னா சார், அதுக்குக் காசு நீ குடுக்கிறியா? எங்க சாமை மூட்டய ஏத்து, நாங்க குடுக்கிறோம்” என்றாராம். அதையும் தியாகோதான் வந்து சொல்லிச் சிரித்தார். தன்னைக் கிண்டல் செய்தவனையே ரசிக்கிற மனசு. எனக்கு அது கிடையாது. என்னை யாராவது கிண்டல் செய்தால், ‘ஏன் செய்தான்?’ என்று மூன்று நாள் யோசிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜிம்மில் சேர்ந்தால் முதல் நாள் எடை பார்க்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி. இது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம். எங்கள் மாஸ்டரிடம் இருந்த கண்ணாடி எடை மெஷினில் யாரோ டம்பெல்லைப் போட்டு உடைத்துவிட்டார்கள். மாஸ்டர் புதிது வாங்கினாரா? இல்லை. எதற்கு வாங்க வேண்டும்? பக்கத்திலேயே அவருடைய அண்ணனின் எடை மேடை இருக்கிறதே!

“கரும்பு லாரியவே எட போடுது. உன்ன போடாதா?” — இதுதான் மாஸ்டரின் வாதம்.

எங்கள் பக்கத்தில் எடை மேடைச் சீட்டு என்றால் அதற்குத் தனி மரியாதை. கரும்பானாலும் கிழங்கானாலும் அந்தச் சீட்டை வைத்துத்தான் பணம். ஆலைக்காரரோடு சண்டை போடுகிறவர்கூட, ‘வெளி எடை போட்டுக்கினு வந்திருக்கேன், பாரு’ என்று இந்தச் சீட்டைத்தான் நீட்டுவார். அதில் அச்சாகி வந்தது தப்பாக இருக்கும் என்று இங்கே யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

லாரிகள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒவ்வொருவராக மேடைக்கு நடுவில் போய் நின்றோம். அறுபது அடி நீளம். நடுவில் நான் மட்டும், காணாமல் போன லாரியின் டிரைவர் மாதிரி. சாந்தி சீட்டை அடித்துக் கொடுத்தாள். வண்டி எண் என்ற இடத்தில் என் பெயர். சரக்கு என்ற இடத்தில் ‘ஆள்’. நிகர எடை, எண்பது.

தியாகோவுக்குத் தொண்ணூறு. அவர் அந்தச் சீட்டை போட்டோ எடுத்து பிரேசிலில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினார். ‘என் மகன் இந்தியாவில் லாரி ஆகிவிட்டான்’ என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் காட்டினாராம் அந்த அம்மா.

சீட்டுகளை ஜிம் சுவரில், கண்ணாடிக்குப் பக்கத்தில், வரிசையாகக் குத்தி வைப்பார் மாஸ்டர்.

ஒரு மாதம் போனது. மாசி ஐந்தாம் தேதி மறுபடியும் மேடை ஏறினோம். தியாகோவுக்கு அதே தொண்ணூறு. முகம் வாடிவிட்டது. பரோட்டாவை விட்டு, இட்லியை எண்ணி எண்ணிச் சாப்பிட்டவர்.

எனக்கு? எழுபது.

“அண்ணா! பத்து கிலோ!” மாஸ்டர் கைதட்டினார். ஜிம்மே கைதட்டியது. என் சீட்டைத் தனியாக, சாமி படத்துக்குக் கீழே குத்தினார். ஒருவர் வந்து என்னோடு செல்பி எடுத்துக்கொண்டார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கதவைத் தாழ்போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நின்றேன்.

எங்கள் அப்பாவும் இப்படித்தான் இளைத்தார். ஒரு தீபாவளிக்கு நன்றாக இருந்தார். பார்க்கிறவர்கள் எல்லாம், ‘இன்னா, ஆளு ஸ்லிம்மா ஆயிட்டியே’ என்று பாராட்டினார்கள். அவரும் பெருமையாகத்தான் இருந்தார். பொங்கலுக்கு அவர் இல்லை. உள்ளே இருந்தது என்ன நோய் என்று தெரிந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டு பெயிண்ட் கடைக்குப் போனது அந்த வருடம்தான்.

ஒரு மாதத்தில் பத்து கிலோ. நான் தூக்கியதோ ஐந்து கிலோ டம்பெல், அதுவும் மூச்சு வாங்கி வாங்கி. இதற்கா பத்து கிலோ குறையும்?

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். வேறு மெஷினில் ஏறியாவது பார்த்திருக்கலாம். மருந்துக் கடை வாசலில் ஒன்று இருக்கிறது; அடுத்த ஒன்பது நாளும் அதைத் தாண்டித்தான் என் கடைக்குப் போனேன். ஏறவில்லை. அதுவும் எழுபது என்று சொல்லிவிட்டால்? பயந்தவனுக்குத்தான் தெரியும் — தெரிந்துகொள்வதைவிடத் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று.

ஜிம்முக்குப் போவதை நிறுத்தினேன். சரோஜாவைக் கூப்பிட்டு, பீரோவில் எந்தத் தட்டில் பத்திரம் இருக்கிறது, எதில் இன்சூரன்ஸ் காகிதம் இருக்கிறது என்று காட்டினேன்.

“இப்ப இன்னாத்துக்கு இத்தெல்லாம் எங்கிட்ட காட்டுற?”

“தெரிஞ்சிக்கினா நல்லதுதானே.”

“முப்பது வருசமா பீரோ சாவியே எங்கிட்டதான் கீது. எனக்கே காட்டுறியா? போய்க் குளி.”

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தியாகோ மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“அண்ணா, ஜெயிச்சது நீங்க. தோத்தது நான். ஆனா நான் தினமும் ஜிம்முக்குப் போய்க்கினு இருக்கேன், நீங்க வூட்ல உக்காந்துக்கினு இருக்கீங்க. ஏன்?”

அவரிடம் சொல்லிவிட்டேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் சரோஜா காதுக்குப் போய்விடும். பிரேசில்காரரிடம் சொன்னால் பிரேசிலுக்குத்தான் போகும் என்று ஒரு தைரியம். அப்பாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார்.

“பெல்ட்டு எத்தினாவது ஓட்டை அண்ணா?”

“மூணாவது.”

“போன மாசம்?”

“மூணாவதுதான்.”

“பத்து கிலோ போச்சு. பெல்ட்டுக்குத் தெரியலியா?” என்றார். “நாளைக்குக் காலைல என்னோட வாங்க.”

அப்படித்தான் அந்தப் புதன்கிழமை விடிந்தது. தியாகோ நேராக ஜிம் சுவருக்குப் போனார். குத்தி வைத்திருந்த சீட்டுகளை, மரவள்ளி இலையைப் பார்க்கிற மாதிரியே, கிட்டே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எழுபது. அறுபது. எண்பது. எழுபது. தொண்ணூறு. எழுபது. அறுபது...

திரும்பி மாஸ்டரைக் கேட்டார்: “மாஸ்டர், இந்த ஊர்ல அறுபத்து மூணு கிலோ ஆளே கிடையாதா?”

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். முப்பது நாற்பது சீட்டு இருக்கும். எல்லாமே பூஜ்ஜியத்தில் முடிந்தன. அத்தனை மாதமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே தலை வாரியிருக்கிறார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மூன்று பேரும் எடை மேடைக்கு ஓடினோம். சாந்தி அப்போதுதான் கம்ப்யூட்டருக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

“சாந்தி, இந்த மெஷினு கிலோ கிலோவா காட்டாதா?” என்றார் மாஸ்டர்.

“எப்படிக் காட்டும்? பத்து பத்தாதான் காட்டும். லாரி மெஷினு இல்ல?”

“இத்தினி மாசமா ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல? ஆளக் கொண்டாந்து நிறுத்திட்டு ‘சீட்டு குடு சாந்தி’ன்னீங்க. குடுத்தேன்.”

தியாகோ என்னை மேடைக்கு நடுவில் நிறுத்தினார். எழுபது. கையில் அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். இந்த நேரத்தில்தான் கோவிந்தனின் டிராக்டர் வந்து நின்றது.

“யோவ், இன்னா ஆள எட போட்டுக்கினு கீறீங்க? கரும்பு காயுதுய்யா!”

“இருப்பா, ஒரு உசுரு விஷயம்” என்றார் மாஸ்டர். கோவிந்தன் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டு, இறங்கி வந்து பார்த்தார்.

ஒரு பாட்டிலோடு, எழுபது. அசையவில்லை. தியாகோ இரண்டாவது பாட்டிலைக் கொடுத்தார்.

சாந்தி உள்ளேயிருந்து கத்தினாள்: “எம்பது!”

ஒரு பாட்டில் தண்ணீரில் நான் பத்து கிலோ ஏறியிருந்தேன்!

தியாகோ விளக்கினார். எழுபத்தைந்து வரைக்கும் இந்த மெஷினுக்கு எழுபதுதான். அதைத் தாண்டினால் எண்பது. என் எடை எழுபத்து நான்கும் கொஞ்சமும். அவ்வளவுதான். போன மாதம் எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் மேலே இருந்திருப்பேன்.

இன்னொருவராக இருந்தால் அங்கேயே குதித்திருப்பார். நான் கேட்டேன்: “கொஞ்சம் மேலன்னு எப்படிச் சொல்றீங்க? எம்பத்து நாலா இருந்திருந்தாலும் அது எம்பதுன்னுதானே காட்டியிருக்கும்?”

தியாகோ விரல் விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தார். நான் சொன்னது சரி! வாழ்க்கையில் ஒரு ஆராய்ச்சியாளரை மடக்கியது அந்த ஒரு தடவைதான். அதில் ஒரு துளி சந்தோஷம்கூட இல்லை.

“சேர்றதுக்கு முன்னாடி டாக்டரப் பாத்தீங்களே. சீட்டு இருக்குதா?” என்றார் அவர்.

இருந்தது, வீட்டில். ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவச் சீட்டு என்றால் நான் மடித்து வைப்பதோடு சரி. படிக்கப் போனால் தெரியாத வார்த்தை எல்லாமே நோயாகத் தெரியும். சரோஜாவுக்கு போன் போட்டேன். வேறு வழியில்லாமல், ஒன்பது நாள் கதையை மூன்று வாக்கியத்தில் சொன்னேன்.

அந்தப் பக்கம் பீரோ திறக்கும் ஓசை கேட்டது. பிறகு, “மேல ஓரத்துல எழுபத்தாறு கிலோன்னு போட்டுக்கீது” என்றாள்.

“எப்ப எழுதினது?”

“கார்த்திகையில. தீபத்துக்கு மொத வாரம் போனியே, அப்ப.”

கார்த்திகையில் எழுபத்தாறு. மாசியில் எழுபத்து நான்கு சொச்சம். “நடுவுல தையில எட்டு கிலோ ஏறி, மாசில எறங்கியிருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“நீ ஆளா, ராட்டினமா? ஏறி ஏறி எறங்கறதுக்கு?” என்றாள் சரோஜா. பிறகு குரல் உடைந்தது. “ஒம்போது நாளு... வூட்ல ஒருத்தி இருக்கிறது தெரியலியா உனக்கு?”

போனை வைத்துவிட்டாள். நான் மேடையிலேயே, அந்த இரும்புத் தகட்டில், உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா, சிரித்தேனா என்று தெரியவில்லை. மாஸ்டர் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை கிலோ சொச்சம் குறைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தியாகோ கேட்டார், “அண்ணா, நானும் பாக்கட்டா?”

அவர் மேடை ஏறினார். தொண்ணூறு. ஜிம்மிலிருந்து இரும்புத் தட்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தோம். ஐந்து கிலோ... இரண்டரை... ஒன்றேகால்... அசையவில்லை. கடைசியில் என் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் வாங்கிக்கொண்டபோது “நூறு!” என்றாள் சாந்தி. கணக்குப் போட்டால் எண்பத்தாறு. தொண்ணூற்றிரண்டில் சேர்ந்தேன் என்று அவர் சத்தியம் செய்கிறார்; பெல்ட்டில் இரண்டு ஓட்டை ஏறியிருப்பது சாட்சி. மெஷின் ஒன்றையும் பார்க்கவில்லை. இளைத்தவருக்கு அது ஒன்றும் தரவில்லை. இளைக்காத எனக்குப் பாராட்டு விழா நடத்திவிட்டது.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தனுக்கு இப்போது கவலை பிடித்துக்கொண்டது. “அப்ப என் லோடுல?”

“உன் லோடு பத்து டன்னு. அதுல அஞ்சு கிலோ முன்ன பின்ன இருந்தா, அது நீ வாயில வச்சி மென்னுக்கினு வந்த கரும்பு. ஏத்துய்யா வண்டிய!” என்றாள் சாந்தி.

அவள் சொன்னது நியாயம்தான். மெஷின் மேல் தப்பே இல்லை. அது லாரிக்கு உண்மை பேசப் பிறந்தது. அதனிடம் போய் மனுஷனைப் பற்றிக் கேட்டது நாங்கள். பெரிய பெரிய விஷயங்களைச் சரியாக அளக்கிறது என்பதற்காகவே, நம் சின்ன உயிரையும் அது சரியாக அளந்துவிடும் என்று நம்பிவிடுகிறோம், இல்லையா?

மறுநாள் சரோஜா என்னை இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தாள். ரத்தம், சர்க்கரை, எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை. ‘இன்னும் நாலு கிலோ குறைங்க’ என்கிறார்.

எல்லாவற்றையும் சொன்ன நான் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். சரோஜாவுக்கும் இன்றைக்குத்தான், உங்களோடு சேர்ந்துதான், தெரியப்போகிறது.

அந்த ஒன்பது நாளில் ஒரு நாள், போகிற காலத்தில் புண்ணியமாவது சேரட்டும் என்று, போர்வெல் மோட்டாருக்கு என்னிடம் கைமாற்று வாங்கியிருந்த அவளுடைய தம்பி தண்டபாணியைக் கடைக்கு வரவழைத்து, “அந்தப் பணத்த நீ குடுக்க வேணாம்பா, நீயே வச்சிக்க” என்று சொல்லிவிட்டேன். அவன் கண் கலங்கி என் காலில் விழுந்தான். இப்போது எனக்கு ஒன்றும் இல்லை என்று போன் செய்து சொன்னேன். “ரொம்ப சந்தோசம் மாமா” என்றான். பிறகு நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தோம்.

பாக்கி பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.